டவர் நம்ம தோட்டத்தில், புகை யார் கணக்கில்?

தென்னந்தோப்பு (கேத்தனூர் பக்கம்), ஞாயிறு இரவு 9.40

வணக்கங்க. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்து மேற்கு மூலையில் ஒரு செல்போன் டவர் நிற்கிறது. 2008-ல் அப்பா இருபது வருட ஒப்பந்தத்தில் கொடுத்த இடம். அந்தச் சமயம் போர் எவ்வளவு ஆழம் போட்டும் தண்ணீர் இல்லை, தென்னையெல்லாம் மண்டை காய்ந்து நின்றது. மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும் என்பதே வீட்டுக்குப் பெரிய தெம்பு. அதனால் டவர்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் கிடையாது. நான் காலேஜ் படித்ததில் பாதி அந்தக் காசு.

ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிப் பேசப் போன வாரம் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். இளநீர் வெட்டிக் கொடுத்தேன். கையில் ஒரு வழவழப் புத்தகம், அட்டையில் பச்சை இலை. 2050-க்குள் நெட் ஜீரோ (விடுகிற கரியமில வாயுவை முடிந்தவரை குறைத்து, மிச்சத்தை ஈடுகட்டி, நிகரமாகப் பூஜ்யம் ஆக்குவதாம்), பூமியைக் காப்பது எங்கள் கடமை என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுத்தது பாருங்கள், மிச்ச நெட் ஜீரோவை அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. டவருக்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைக் காத்தாடிகள். ஆடிக்காற்றில் அவை சுற்றுகிற சுற்றைப் பார்த்தால் ஊருக்கே இலவசமாகக் கரண்ட் கொடுக்கலாம் போலிருக்கும். அதே காற்றில்தான் தென்னை மட்டை கம்பிமேல் விழுந்து லைன் போகிறது. லைன் போனால் டீசல். ஆக, காற்று நன்றாக அடிக்கிற நாளில்தான் எங்கள் தோட்டத்தில் டீசல் அதிகமாக எரிகிறது.

என் சந்தேகம் இதுதான். டவர் ஒரு கம்பெனியுடையது. அதில் ஆன்டெனா மாட்டியிருப்பது வேறு இரண்டு கம்பெனி. டீசல் ஊற்றுவது ஒரு காண்ட்ராக்டர். நிலம் என்னுடையது. இந்தப் புகை யாருடைய நெட் ஜீரோவில் சேர்கிறது? ஒப்பந்தத்தில் நான் ஏதாவது கேட்க முடியுமா? கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை, யாரும் கேட்காதீர்கள்.

கருங்கல்பாளையம் (ஈரோடு), ஞாயிறு இரவு 9.52

கணக்கு அவர்களுக்கு, மூக்கு உங்களுக்கு. வாடகை வருகிறதல்லவா, விடுங்கண்ணா.

சூடானகாபி (பீளமேடு), ஞாயிறு இரவு 10.15

தப்பாக நினைக்க வேண்டாம். இந்திய அரசே 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நெட் ஜீரோவுக்கு 2070 என்றுதான் சொன்னது. அதற்கு இருபது வருடம் முன்னாலேயே முடிக்கிறேன் என்று ஒரு கம்பெனி சொன்னால் பாராட்டலாமே. அந்த ஒரு ஜெனரேட்டரில் இருந்து வருவது ஒரு லாரி புகைகூட இருக்காது. போன் இல்லாமல் இருந்தால் நாம் எத்தனை தடவை பஸ்ஸிலும் வண்டியிலும் அலைந்திருப்போம், அந்தப் பெட்ரோலையும் கழிக்க வேண்டாமா?

நல்லமண் (அவிநாசி), ஞாயிறு இரவு 10.31

புகையை விடுங்கள், கதிர்வீச்சு பற்றி யாரும் பேசமாட்டீர்களா? சிட்டுக்குருவி எங்கே போச்சு?

நெறியாளர்

குருவிக்கும் கதிர்வீச்சுக்கும் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. 340 பதிவு ஆகியும் முடிவு வரவில்லை. இங்கே டீசலும் கரியமிலமும் மட்டும்.

மூன்றாம்ஷிப்டு (பெருந்துறை), திங்கள் காலை 6.20

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். பதினாறு வருடமாக டவர் சைட்டில்தான் வேலை, ஜெனரேட்டர், பேட்டரி, எஸ்.எம்.பி.எஸ். (கரண்ட்டை டி.சி.யாக மாற்றும் கருவி) எல்லாம் பார்த்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தென்னந்தோப்பு அண்ணா போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். கரண்ட் போன அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் எடுக்கிறது. அப்படி எடுக்கக் கூடாதுங்க. டவரில் உள்ள கருவிகள் எல்லாமே 48 வோல்ட் டி.சி.யில் ஓடுபவை. கரண்ட் போனால் முதலில் பேட்டரி தாங்க வேண்டும். பேட்டரி நன்றாக இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் சத்தமே வராது, அதற்குள் நம்ம லைன்மேன் மட்டையை எடுத்துப்போட்டு லைனைச் சார்ஜ் பண்ணிவிடுவார். உடனே டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) எடுக்கிறதென்றால் உங்கள் சைட்டில் பேட்டரி செத்துப் பல நாளாகிறது என்று அர்த்தம். ஈய பேட்டரி நம்ம ஊர் வெயிலில் சீக்கிரம் போய்விடும். புதிது வைக்கப் பணம் வேண்டும், மேலிடம் கையெழுத்து வேண்டும். டீசலுக்கு எதுவும் வேண்டாம், அது மாதச் செலவில் போய்விடும்.

இரண்டாவது, கணக்கு. இரண்டு கம்பெனி ஏறியிருக்கிற சைட் என்றால் லோடு சுமார் மூன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். 5ஜி மாட்டியிருந்தால் இன்னும் ஏறும். ஒரு நாளைக்கு 84 யூனிட். டி.ஜி. தினம் மூன்று மணி நேரம் ஓடுகிறது, மணிக்கு இரண்டு லிட்டர். வருடத்துக்கு ஏறக்குறைய 2,200 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆக வருடத்துக்கு ஆறு டன்.

மிச்சம் 21 மணி நேரம் ஈ.பி. கரண்ட். வருடத்துக்கு ஏறக்குறைய 27,000 யூனிட். நம் நாட்டு மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ என்று வையுங்கள். பத்தொன்பது டன்.

பார்த்தீர்களா? புகை தெரிவது டீசலில், கரியமிலம் அதிகம் இருப்பது புகையே தெரியாத கரண்ட் ஒயரில். அந்தப் புகை மேட்டூர் அனல்மின் நிலையத்துப் போக்கியில் போகிறது, நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அதற்காக டீசலை விட்டுவிடலாம் என்று சொல்ல வரவில்லை. 15 கே.வி.ஏ. செட்டை மூன்றரை கிலோவாட்டுக்கு ஓட்டுவது தேங்காய் மூட்டை ஒன்றை ஏற்றிக்கொண்டு லாரி போவது மாதிரி. குறைந்த லோடில் அது டீசலைக் குடித்துக்கொண்டேதான் இருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி டி.ஜி.யில் வரும் ஒரு யூனிட்டுக்கு ஒன்றரை கிலோ ஆகிறது, ஈ.பி.யைப்போல இரண்டு மடங்கு.

2012 கரண்ட் கட் ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாங்கள் சைட் சைட்டாக டீசல் கேனோடு பைக்கில் சுற்றினோம். பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் டி.ஜி. ஓடியது. இப்போதைய மூன்று மணி நேரம் எல்லாம் எங்களுக்கு லீவு மாதிரி.

தென்னந்தோப்பு, திங்கள் காலை 7.05

தம்பி, பதினாறு வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேட்டரி செத்துப்போன சத்தம் அது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மிக்க நன்றிங்க.

பனியன்கணக்கு (திருப்பூர்), திங்கள் மதியம் 1.30

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் சுற்றுச்சூழல் கணக்குகளைப் பார்க்கிறேன். யார் கணக்கு என்ற கேள்விதான் என் அன்றாட வேலையே.

உலகம் முழுக்கக் கம்பெனிகள் உமிழ்வை மூன்று பெட்டியில் போடுகின்றன. தன் சொந்த அடுப்பில், சொந்த இன்ஜினில் எரிப்பது ஸ்கோப் 1. வெளியிலிருந்து வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. தனக்காக மற்றவர்கள் எரிப்பது, தான் விற்ற பொருள் பிறகு எரிப்பது எல்லாம் ஸ்கோப் 3. திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். எங்கள் சாயப்பட்டறை பாய்லரில் நிலக்கரி எரிகிறது. அது எங்களுக்கு ஸ்கோப் 1. ஐரோப்பாவில் அந்த டி-சர்ட்டை விற்கும் பிராண்டுக்கு அதே நிலக்கரி ஸ்கோப் 3. அதனால்தான் அவர்கள் வருடா வருடம் படிவம் அனுப்பி, எத்தனை டன் நிலக்கரி, எத்தனை யூனிட் கரண்ட் என்று உயிரை எடுக்கிறார்கள்.

இப்போது அண்ணா தோட்டத்துக்கு வருவோம். ஜெனரேட்டர் டவர் கம்பெனியுடையது என்றால் டீசல் அவர்களுக்கு ஸ்கோப் 1. நாம் சிம் வாங்கிய கம்பெனிக்கு அது பெரும்பாலும் ஸ்கோப் 3. ஒரே புகை இரண்டு அறிக்கையில் வருவது தப்பில்லை, அந்த முறையே அப்படித்தான். இரண்டிலும் வராமல் நழுவுவதுதான் தப்பு.

இதனால் என்ன ஆகிறது? டவர்களைத் தானே வைத்திருந்த ஒரு போன் கம்பெனி, அவற்றை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டு வாடகைக்கு எடுத்துக்கொண்டால், டீசல் ஒரே நாளில் முதல் பெட்டியிலிருந்து மூன்றாம் பெட்டிக்குப் போய்விடலாம். ஒரு சொட்டு குறைந்திருக்காது. 'எங்கள் சொந்தச் செயல்பாடுகளில் நெட் ஜீரோ' என்று யாராவது சொன்னால் அந்த 'சொந்த' என்ற வார்த்தையை இரண்டு தடவை படியுங்கள். பிரிட்டனில் பி.டி. என்ற போன் கம்பெனி இதை வெளிப்படையாகவே பிரித்துச் சொல்கிறது. சொந்தச் செயல்பாட்டுக்கு 2031 மார்ச், தனக்குச் சப்ளை செய்பவர்களையும் வாடிக்கையாளர்களையும் சேர்த்து 2041. நடுவில் பத்து வருடம். அப்படிப் பிரித்துச் சொன்னால் நமக்கும் கேள்வி கேட்க வசதி.

நம் ஊரிலும் எழுத்தில் இருக்கும் இலக்குகள் உண்டு. ஏர்டெல் 2020-21ஐ அடிப்படையாக வைத்து, 2030-31-க்குள் ஸ்கோப் 1, 2 இரண்டையும் சேர்த்து 50.2 விழுக்காடும், ஸ்கோப் 3ஐ 42 விழுக்காடும் குறைப்பதாகச் சொல்லி, கம்பெனிகளின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. என்ற அமைப்பிடம் ஒப்புதலும் வாங்கியிருக்கிறது. அடிப்படை ஆண்டு, முடிவு ஆண்டு, விழுக்காடு, எந்தப் பெட்டி, இந்த நான்கும் இருப்பதால் அதைச் சரிபார்க்கலாம். 2050 நெட் ஜீரோ என்று மட்டும் சொன்னால் அன்றைக்குச் சரிபார்க்க நான் இருக்கமாட்டேன், ரிட்டயர் ஆகிப் பேரக்குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பேன்.

சூடானகாபி, திங்கள் மாலை 6.48

அக்கா, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததற்கு முன்னால் மாதம் ஒரு ஜிபியை எண்ணி எண்ணிச் செலவு செய்தோம். இன்றைக்கு அதை ஒரே நாளில் முடிக்கிறோம். ஒரு ஜிபிக்கு என்று கணக்குப் போட்டால் உமிழ்வு பல மடங்கு குறைந்திருக்கும். இது முன்னேற்றம் இல்லையா?

பனியன்கணக்கு, திங்கள் இரவு 8.10

முன்னேற்றம்தான் தம்பி, பொறியாளர்களுக்கு ஒரு சல்யூட். ஆனால் வானம் ஜிபி எண்ணுவதில்லை, டன்தான் எண்ணும். நாங்களும் ஒரு டி-சர்ட்டுக்கு இவ்வளவு நிலக்கரி குறைத்தோம் என்று பிராண்டிடம் காட்டிப் பார்த்தோம். 'நல்லது, மொத்தம் எவ்வளவு?' என்று கேட்டார்கள். அந்த வருடம் ஆர்டர் அதிகம், மொத்தம் ஏறியிருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இதைவிட ஒரு வேடிக்கை சொல்கிறேன். பங்குச்சந்தையில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை கொடுத்தாக வேண்டும், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதில் ஸ்கோப் 1, 2 மொத்த டன்னோடு, ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு என்ற கணக்கும் வரும். 2024 ஜூலையில் மூன்று தனியார் போன் கம்பெனிகளும் ரீசார்ஜ் விலையை ஏற்றின, ஞாபகம் இருக்கிறதா? விலை ஏறினால் வருமானம் ஏறும். வருமானம் ஏறினால் 'ஒரு ரூபாய்க்கு உமிழ்வு' குறையும். நாம் கூடுதலாக ரீசார்ஜ் பண்ணிய காசில் காகிதத்தில் புகை குறைகிறது!

அதே அறிக்கையில் மொத்த டன்னும் பக்கத்திலேயே இருக்கும். ஆறாவது கோட்பாடு என்ற பகுதிக்குப் போய் அந்த வரியைப் பாருங்கள். கம்பெனியின் இணையதளத்தில் ஆண்டறிக்கையோடு யாருக்கும் கிடைக்கும்.

கருங்கல்பாளையம், திங்கள் இரவு 8.22

ஆக நான் ரீசார்ஜ் பண்ணினால் பூமி குளிரும். வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன்.

நூல்மில் (உடுமலை), செவ்வாய் காலை 5.45

எனக்கு வயது எழுபதுக்கு மேல். மில் கணக்கில் நாற்பது வருடம் இருந்தவன். தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

காத்தாடி பற்றித் தென்னந்தோப்புத் தம்பி கேட்டது சரியான கேள்வி. கண்ணெதிரே சுற்றுகிற காத்தாடி ஏன் டவருக்கு உதவவில்லை என்றால், அந்தக் கரண்ட் நேரே துணைமின் நிலையத்துக்குப் போகிறது. அதன் சொந்தக்காரர் கோவையில் ஒரு மில்லாக இருப்பார், அல்லது சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியாக இருப்பார். கம்பியில் கலந்த பிறகு எந்த யூனிட் எங்கே போனது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. புத்தகத்தில்தான் தெரியும்.

எங்கள் மில்லுக்கும் காத்தாடி உண்டு. வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை ஓடும். அந்த யூனிட்டை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்று இல்லாத மார்கழியில் எடுத்துக்கொள்வோம். பழைய காத்தாடிகளுக்கு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை இந்த வங்கி வசதி இருந்தது. வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மில் பெரும்பாலும் காற்றில் ஓடியதாக இருக்கும். ஆனால் மார்கழி நடுராத்திரி என் ஸ்பின்டிலைச் சுற்றியது நிலக்கரிதான். இரண்டும் பொய் இல்லை. ஒன்று வருடக் கணக்கு, இன்னொன்று அந்த நேரத்துக் கணக்கு.

'100 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க மின்சாரம்' என்று உலகத்தில் பல கம்பெனிகள் சொல்வது இந்த வருடக் கணக்கைத்தான். சிலர் காத்தாடி, சோலார் வைத்து வாங்குகிறார்கள். சிலர், எங்கோ பசுமை மின்சாரம் உற்பத்தியானதற்கான சான்றிதழ் மட்டும் வாங்குகிறார்கள். நம் நாட்டில் அதற்கு ஆர்.இ.சி. என்று பெயர், ஒரு சான்றிதழ் 1,000 யூனிட்டுக்கு. கரண்ட் ஒரு இடத்தில், சான்றிதழ் இன்னொரு இடத்தில். அதனால்தான் 2015-ல் ஸ்கோப் 2-க்கு ஒரு திருத்தம் வந்தது. இருக்கும் ஊர்க் கட்டமைப்பை வைத்து ஒரு எண், வாங்கிய ஒப்பந்தத்தை வைத்து ஒரு எண், இரண்டையும் காட்டு என்றார்கள். அறிக்கையில் இரண்டு எண்ணும் இருந்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எவ்வளவு காகிதம், எவ்வளவு கம்பி என்று தெரிந்துவிடும்.

டவர்க்காரர்களுக்கு எங்களைவிட இது கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான கிலோவாட் எடுக்கும். எங்கோ ஒரு காத்தாடியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2022-ல் வந்த பசுமை மின்சார விதியில்கூட 100 கிலோவாட் இருந்தால்தான் அப்படி வெளியே வாங்க முடியும். உங்கள் டவர் மூன்றரை கிலோவாட். ஒரு கோட்டத்தில் உள்ள டவர்களையெல்லாம் சேர்த்துக் கூட்டினால்தான் கணக்குக்கு வரும். இதையெல்லாம் செய்ய மனம் வேண்டும், அல்லது யாராவது பின்னால் கம்போடு நிற்க வேண்டும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு விடும் விஷயத்தில் திருப்பூர் அசைந்தது. அதற்கு முன் எத்தனை உறுதிமொழி என்று நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம்ஷிப்டு, செவ்வாய் காலை 6.30

ஐயா கம்பு என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. டவர்களுக்கும் ஒரு கம்பு வந்ததுங்க. 2012 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. 2015-க்குள் கிராமத்து டவர்களில் பாதி, நகரத்தில் 20 விழுக்காடு, சோலாரோ காற்றோ சேர்ந்த கலப்பு மின்சாரத்தில் ஓட வேண்டும். 2020-க்குள் கிராமத்தில் 75, நகரத்தில் 33. கம்பெனிகள் தங்கள் கார்பன் கணக்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் வருடத்துக்கு இரண்டு தடவை கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் சூப்பர்வைசர் அந்த நகலைக் காட்டி, இனி எல்லோரும் சோலார் படிக்க வேண்டும் என்றார். நான் ஒரு வாரம் பயிற்சிக்கும் போய்வந்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்த சைட்களில் பேனல் வைத்தவற்றைக் கைவிரல் விட்டு எண்ணலாம். அதில் இரண்டில் பேனலையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கோ ஒரு தோட்டத்தில் அது மோட்டார் ஓட்டிக்கொண்டிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலை நடக்கவே இல்லை என்று இல்லை. முன்பு கருவிகளை ஒரு அறைக்குள் வைத்து இரண்டு ஏ.சி. போட்டுக் குளிர வைப்போம். இப்போது பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும் பெட்டி, ஏ.சி.யே கிடையாது. நான் பார்த்ததில் கரண்ட் பில்லை உருப்படியாகக் குறைத்தது அதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் பேசாத நேரத்தில் சில அலைவரிசைகளைத் தானாகத் தூங்கவைக்கும் மென்பொருளும் வந்திருக்கிறது. இதெல்லாம் வழவழப் புத்தகத்தில் பெரிதாக வராது, ஏனென்றால் போட்டோ எடுத்தால் அழகாக இருக்காது.

சூடானகாபி, செவ்வாய் மதியம் 12.05

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். மொத்த டன்தான் முக்கியம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த எஸ்.பி.டி.ஐ. யார்? கம்பெனி காசு கொடுத்து வாங்கும் சர்டிஃபிகேட்தானே?

பனியன்கணக்கு, செவ்வாய் மதியம் 1.40

சரிபார்க்கக் கட்டணம் உண்டு, அது உண்மை. 2015-ல் ஐ.நா. குளோபல் காம்பாக்ட், டபிள்யூ.டபிள்யூ.எஃப். போன்றவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. போன் துறைக்கு என்றே 2020-ல் ஒரு பாதை போட்டுக் கொடுத்தார்கள். அதன்படி செல்போன் நெட்வொர்க்குகள் 2020-லிருந்து 2030-க்குள் 45 விழுக்காடு குறைக்க வேண்டும். குறைகள் இருக்கின்றன, அவர்களுக்குள்ளேயே 2024-ல் ஸ்கோப் 3-க்குக் கார்பன் கிரெடிட் (வேறிடத்தில் குறைத்த உமிழ்வைக் காசு கொடுத்து வாங்கும் சான்று) ஏற்கலாமா என்று பெரிய சண்டையே வந்தது. ஆனால் ஒன்று செய்தார்கள். உறுதி கொடுத்துவிட்டுக் காலத்துக்குள் இலக்கை ஒப்புதலுக்குக் கொண்டுவராதவர்களின் நெட் ஜீரோ உறுதியை நீக்கியதாக 2024 மார்ச்சில் பட்டியலிலேயே போட்டார்கள். மைக்ரோசாஃப்ட், யூனிலீவர் பெயரெல்லாம் அதில் இருந்தது. எங்கள் ஆபீஸில் அன்றைக்கு ஒரே சிரிப்பு. எங்களைப் படிவம் கேட்டு விரட்டுகிற அளவுள்ள ஆட்களே தேதியைத் தவறவிட்டிருக்கிறார்கள்!

அதனால் ஒரு கம்பெனி 'உறுதி' சொன்னதா, அல்லது 'இலக்கு ஒப்புதல்' வாங்கியதா என்று பாருங்கள். பெண் பார்த்துவிட்டுப் போனதும் கல்யாணமும் ஒன்றில்லை.

தென்னந்தோப்பு, வெள்ளி இரவு 9.15

நான்கு நாளாக வரமுடியவில்லை, தேங்காய் போடும் ஆட்கள் வந்திருந்தார்கள்.

ஒரு காரியம் செய்தேன். டீசல் ஊற்ற வரும் பையனிடம் கேட்டு ஜெனரேட்டரில் இருக்கும் மணி மீட்டரைப் பார்த்தேன். அங்கே தொங்கும் நோட்டில் போன மாதத் தொடக்கத்து ரீடிங் இருந்தது. 30 நாளில் 71 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதே நோட்டில் ஊற்றியதாக எழுதியிருக்கும் டீசல் 210 லிட்டர். மூன்றாம்ஷிப்டு தம்பி மணிக்கு இரண்டு லிட்டர் என்றார். அப்படியானால் 142 லிட்டர்தானே ஆக வேண்டும்?

மூன்றாம்ஷிப்டு, வெள்ளி இரவு 9.21

ஹஹ்ஹா. அண்ணா, மணிக்கு மூன்று லிட்டர் குடித்தால் ஒன்று இன்ஜின் ரிப்பேர், இல்லை கேன் ரிப்பேர். இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வியாதி இது. பையனைத் திட்டிவிடாதீர்கள், அவன் கைக்கு வருவதற்கு முன்பே கேன் குறைந்திருக்கலாம்.

பனியன்கணக்கு, வெள்ளி இரவு 9.48

ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லை. உமிழ்வுக் கணக்கை மீட்டரில் எடுக்கமாட்டார்கள், வாங்கிய டீசல் பில்லில்தான் எடுப்பார்கள். ஆக 210 லிட்டரும் டவர் கம்பெனியின் ஸ்கோப் 1-ல் போய் உட்காரும். மிச்சம் 68 லிட்டர் எங்கோ ஒரு டிராக்டரில் எரிந்திருந்தால் அதன் கரியமிலத்தையும் இவர்கள்தான் சுமக்கிறார்கள். திருட்டை நிறுத்தினாலே அவர்களுடைய அறிக்கையில் மூன்றில் ஒரு பங்கு டீசல் குறையும், 'பருவநிலை நடவடிக்கை' என்று போட்டுக்கொள்ளலாம். பூமிக்கு ஒன்றும் ஆகாது, டிராக்டர்க்காரர் பங்க்கில் வாங்கிக்கொள்வார்.

நூல்மில், சனி காலை 5.30

மில்லில் பஞ்சுக் கழிவு கணக்கு இப்படித்தான் இருக்கும். சிரித்துக்கொண்டே படித்தேன்.

ஒப்பந்தம் பற்றித் தம்பி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நெட் ஜீரோவை உங்கள் பத்திரத்தில் எழுதச் சொல்லாதீர்கள், அது அவர்கள் வேலை. கையில் தொட்டுப் பார்க்க முடிவதைக் கேளுங்கள். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும், ஜெனரேட்டர் வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும், மாதாந்திர ஓட்ட நேரத்தின் நகல். அப்புறம், சொன்னபடி பேட்டரி தாங்கவில்லை என்றால் அந்த மாதம் வாடகையில் எவ்வளவு கூடுதல் என்று ஒரு வரி. அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தென்னந்தோப்பு, அடுத்த வியாழன் இரவு 8.30

ஐயா சொன்னபடியே ஒரு தாளில் எழுதிவைத்து அந்த மனிதரிடம் கொடுத்தேன். நெட் ஜீரோ என்ற வார்த்தையே பேசவில்லை. அவர் படித்துவிட்டு, 'பேட்டரி பற்றி உங்களுக்கு யார் சொன்னது?' என்று கேட்டார். இணையத்தில் ஒரு தம்பி என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. லித்தியம் பேட்டரி வைக்கிறார்கள், நான்கு மணி நேரம் தாங்கும் என்று எழுத்தில் தருகிறார்கள். ஜெனரேட்டரைச் சத்தம் அடக்கும் கூண்டு வைத்ததாக மாற்றித் தோட்டத்துக் கடைசிக்குக் கொண்டுபோக ஒத்துக்கொண்டார்கள். ஓட்ட நேர நகல் தரமுடியாதாம், அது கம்பெனி உள்விவகாரம் என்கிறார். மணி மீட்டரை நானே பார்த்துக்கொள்ளத் தடையில்லை என்று மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். வாடகை வரியில் இன்னும் இழுபறி.

சோலாரும் கேட்டேன். ஐந்து கிலோவாட் பேனல் வைக்கலாம், ஆனால் நிழல் விழக் கூடாது, டவருக்குத் தெற்கே உள்ள இரண்டு தென்னையை வெட்ட வேண்டும் என்றார்கள். அம்மாவிடம் சொன்னேன். 'அது உங்கப்பா வெச்ச மரம், கரண்டுக்காகவெல்லாம் வெட்ட முடியாது' என்று எழுந்து போய்விட்டார்கள். பக்கத்தில் பழைய மாட்டுச்சாலை ஒன்று காலியாகக் கிடக்கிறது, தகரக் கூரை. அதன்மேல் வைக்கலாமா?

மூன்றாம்ஷிப்டு, வியாழன் இரவு 8.44

அம்மா சொன்னதுதான் சரிங்க. ஐந்து கிலோவாட்டில் நல்ல வெயில் நாளில் இருபது யூனிட் வரும், உங்கள் டவருக்கு வேண்டியதில் கால்வாசி. அதற்கு 500 சதுர அடி வேண்டும். மாட்டுச்சாலைக் கூரை எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது? தெற்குப் பக்கம் என்றால் ஒரு போட்டோ போடுங்கள். கீழே இருக்கும் மரச்சட்டத்தையும் சேர்த்து எடுங்கள், ஆடிக்காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.